காலிப் புட்டி எண் 47/1-ஐ வெள்ளிக்கிழமை பகல் 12.30-க்குள் விடுவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மகிஸ்டர் ஓட்டோகார் வெஸ்ஸெலி,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தலைவர், எல்லை கடந்த வலித்தணிப்புக் கழகம்,
கதவு எண் 14, மூன்றாம் மாடி,
யோசெஃப்ஷ்டாட், வியன்னா.

பெறுநர்:
ஹோஃப்ராட் (அரசவை ஆலோசகர்) முனைவர் எகோன் மான்ஹார்ட் அவர்கள்,
தலைமை அலுவலர், பாதுகாப்பு மற்றும் பொருள் காப்பகப் பிரிவு,
டான்யூப் மாநாட்டு மாளிகை,
வியன்னா.

பொருள்: 14.11.2022 திங்கட்கிழமை காலை 8.52 மணிக்கு இரண்டாம் நுழைவாயிலில் கையகப்படுத்தப்பட்ட, உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக் புட்டி ஒன்றை விடுவிக்கவும், அது பற்றிய ரசீதைத் திருத்தித் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் பிரிவின் ரசீது எண் 0118, நாள் 14.11.2022.
2. நான் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து வெறுங்கையுடன் திரும்பிய நாள் 16.11.2022.

மதிப்பிற்குரிய ஹோஃப்ராட் அவர்களுக்கு,

தங்கள் மேசைக்கு இதைவிடக் கனமான கோப்புகள் நாள்தோறும் வந்து சேரும் என்பதை நான் அறிவேன். இந்தக் கோப்பின் முழு எடை, மூடியையும் சேர்த்து, இருபத்திரண்டு கிராம். 13.11.2022 ஞாயிற்றுக்கிழமை எங்கள் செயலாளரின் சமையலறைத் தராசில் நானே நிறுத்துக் குறித்துக்கொண்ட எடை இது. மறுநாள் முதல் புட்டி தங்கள் காவலில் இருப்பதால், அதன் பின் எடை கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ நான் பொறுப்பல்ல.

1. எங்கள் கழகத்தில் பதினான்கு உறுப்பினர்கள். சராசரி வயது எழுபத்து நான்கு. நான் வராத நாட்களில் எழுபத்து மூன்றரை. ஓய்வுபெற்ற மருந்தாளுநர்கள், செவிலியர்கள், ஒரு முன்னாள் டிராம் ஓட்டுநர் என்று எங்களை விவரிக்கலாம். எங்கள் வேலை ஒன்றே ஒன்று. இந்த நகரத்து மருத்துவமனையில் புற்றுநோயாளி ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் கிடைக்கிற மார்ஃபின், அதே நோய் உள்ள, அதே வலி உள்ள, ஆனால் வேறு நாட்டில் பிறந்துவிட்ட ஒருவருக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பது. மருந்து தவறானவர் கைக்குப் போகக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட விதிகள், பல நாடுகளில் சரியானவர் கைக்கும் அதைப் போகவிடாமல் காத்து வருகின்றன. இதை எடுத்துச் சொல்லத் தங்கள் மாளிகையில் நடக்கும் கட்டுப்பாட்டு மருந்துகள் பற்றிய பன்னாட்டு ஆண்டுக் கூட்டத்தில், எங்களைப் போன்ற தன்னார்வ அமைப்புகளுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் தரப்படுகிறது, நேரம் மீதமிருந்தால். 2013 முதல் 2021 வரையிலான ஒன்பது கூட்டங்களில் ஆறு முறை நேரம் மீதமிருக்கவில்லை. மீதமிருந்த மூன்று முறையும் நான் பேசினேன். அதில் ஒரு முறை மொழிபெயர்ப்பாளர்கள் மதிய உணவுக்குப் போய்விட்டிருந்தனர். தேதிகளைத் தாங்கள் கேட்டால் தருவேன். கேட்காவிட்டாலும் இணைப்பு 2-இல் உள்ளன.

2. இவ்வாண்டு என் குரலையே திரும்பத் திரும்பக் கேட்கும் சிரமத்தைப் பேராளர்களுக்குத் தர வேண்டாம் என்று 3.8.2022 புதன்கிழமை கூடிய கழகக் கூட்டம் முடிவு செய்தது. ஒரு வாக்கு மட்டுமே எதிராக விழுந்தது, அது என்னுடையது. மேற்கு உகாண்டாவில், ஹொய்மா நகரிலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரத் தொலைவில், ஒரு சிறு மருத்துவ நிலையத்தில் இந்த மருந்தைத் தன் கையாலேயே நோயாளிகளுக்கு அளந்து கொடுக்கும் செவிலியர் திருமதி இம்மாகுலேட் கியோமுஹெண்டோ அவர்களை அழைத்தோம். 12.11.2022 சனிக்கிழமை பிற்பகல் 2.10-க்கு அவர் வந்திறங்கினார். எங்கள் செயலாளர் திருமதி ஹெர்மினே லோப்மையர் இல்லத்தில் தங்கியிருக்கிறார். அவர்கள் பகுதியில் ஒருவரை வெறும் பெயர் சொல்லி அழைப்பது மரியாதைக் குறைவாம். ஆளுக்கொரு செல்லப்பெயர் உண்டு. அவருடையது அக்கீகி. என் ‘மகிஸ்டர்’ பட்டத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, எனக்கு அமூட்டி என்று வைத்தார். அது அரசர்களுக்கு உரிய பெயர் என்றும் சொன்னார். நான் ஆட்சேபிக்கவில்லை.

3. இனி புட்டி. அது அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி, வேறொன்றுமில்லை. அந்த நிலையத்தில் மருந்தைத் திரவமாகக் கலந்து, நோயாளிகள் கொண்டுவரும் தண்ணீர்ப் புட்டிகளில்தான் ஊற்றிக் கொடுக்கிறார்கள். அறுபத்து மூன்று நோயாளிகள், ஆளுக்கு இரண்டு புட்டிகள், ஒவ்வொன்றுக்கும் எண். ஒன்று நோயாளியின் வீட்டில் பயன்பாட்டில் இருக்கும்போது மற்றது கழுவி, உலர்த்தி, நிலையத்தின் அலமாரியில் காத்திருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மருந்து வழங்கும் நாள். அன்று இரண்டு புட்டிகளும் மேசைமீது அருகருகே நின்றால்தான் ஒன்று நிரப்பப்படும். ஒன்று குறைந்தால் மற்றதும் நிரப்பப்படாது. மாவட்ட ஆய்வாளர் வந்து விசாரித்துக் கையெழுத்திட வேண்டும். இந்த விதியை எழுதியவர் திருமதி கியோமுஹெண்டோவேதான். 2017-இல் ஒரு புட்டி கணக்கில் வராததால், ஆய்வாளர் அலமாரி முழுவதற்கும் முத்திரை வைத்துவிட்டார். மழைக்காலம். அவர் மறுபடி வந்து முத்திரையை எடுக்கப் பத்தொன்பது நாளாயிற்று. அந்தப் பத்தொன்பது நாளைப் பற்றிச் செவிலியர் என்னிடம் அதிகம் பேசவில்லை. விதி கடுமையாக இருக்கிறதே என்று நான் கேட்கவும் இல்லை. நாற்பத்தோராண்டு மருந்துக்கடை நடத்தியவன் என்ற முறையில், நானும் அதே விதியைத்தான் எழுதியிருப்பேன். ஒருவேளை இன்னும் இரண்டு உட்பிரிவுகளுடன்.

4. தங்கள் இரும்பு அலமாரியில் இப்போது இருக்கும் 47/1 என்ற புட்டி, யோசெஃபு பியாமுகாமா என்பவருடையது. வயது அறுபத்தொன்று. வானொலிப் பெட்டிகள் பழுதுபார்ப்பவர். இடுப்பெலும்பில் புற்று. மருந்து கிடைப்பதற்கு முன் கட்டிலின் காலை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தவர். இப்போது காலை உணவுக்குப் பின் நாற்காலியில் உட்கார்ந்து நாளொன்றுக்கு ஒரு வானொலியையாவது பேச வைத்துவிடுகிறார். புட்டியின் பக்கவாட்டில், கம்பிகளைப் பற்றவைக்கும் தன் கருவியின் முனையால், நாளுக்கொன்றாகப் பதினான்கு கோடுகள் சுட்டு வைத்திருக்கிறார். இடைவெளிகளை நான் அளந்து பார்த்தேன். என் பழைய அளவுக் குடுவையைவிடச் சீராக இருந்தன. வியன்னா கூட்டத்தில் காட்டுவதற்கு வேறொரு காலிப் புட்டியை எடுத்துப்போகத்தான் செவிலியர் எண்ணியிருந்தார். பியாமுகாமா விடவில்லை. 8.11.2022 செவ்வாய்க்கிழமை அவர் சொன்னதைச் செவிலியர் எனக்குச் சொன்னபடியே பதிவு செய்கிறேன்:

“எண் போடாத பாட்டிலக் கொண்டுபோய் என்ன காட்டப்போற அக்கீகி? என்னோடத எடுத்துட்டுப் போ. கோடு போட்டிருக்கேன் பாரு, பெரிய மனுசங்க பார்க்கட்டும். நான்தான் பஸ் ஏற முடியாது, என் பாட்டிலாவது ஏரோப்ளேன் ஏறட்டும். ஆனா திரும்பி வந்துரணும். வெள்ளைக்காரங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னு விட்டுட்டு வந்துராத.”

பதிவேட்டில் செவிலியர் எழுதிய வரி இது: ‘47/1, காலி, வியன்னாவுக்கு, திரும்பும் நாள் 21.11.2022.’ கீழே அவர் கையெழுத்து. பதினோராண்டுகளில் அந்தப் பதிவேட்டில் அவர் வாக்கு ஒருமுறையும் தவறியதில்லை.

5. இந்தப் பத்தியை எழுதுவது எனக்கு எளிதன்று. நடந்ததற்கு முதற்காரணம் நானே. ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்குத் திருமதி லோப்மையர் வீட்டில் கேக்கும் காப்பியும் ஆன பின், செவிலியர் புட்டியை மேசைமேல் வைத்தார். அதில் 47/1 என்ற எண்ணும் கோடுகளும் தவிர எதுவும் இல்லை. மருந்தின் பெயர் இல்லை, வலிமை இல்லை, தேதி இல்லை. பன்னாட்டுக் கூட்டத்தின் முன் இப்படி ஒரு புட்டி அம்மணமாக நிற்பதை என்னால் காண முடியவில்லை. வெறும் லேபிள் வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை; கடை ஏதும் இல்லை. வீட்டுக்குப் போய் மேசை இழுப்பறையில் 2007-இல் கடையை மூடியபோது மிஞ்சிய லேபிள் கட்டை எடுத்துவந்தேன். சிவப்புக் கரை போட்டது. ‘போதைச் சட்டத்துக்கு உட்பட்டது’ என்று அச்சிட்டது. தட்டச்சுப் பொறியில் மருந்தின் பெயர், வலிமை, நோயாளி எண், நாள் ஆகியவற்றை முறையாக அடித்தேன். திருமதி லோப்மையர் அப்போது சொன்னதை நேர்மை கருதிக் குறிப்பிட வேண்டியவனாகிறேன்.

“மகிஸ்டரே, காலி பாட்டிலுக்கு எதுக்கு இவ்வளவு அலங்காரம்? ஒட்டித்தான் ஆகணும்னா ‘உள்ள ஒண்ணும் இல்ல’ன்னு எழுதி ஒட்டுங்க.”

ஒரு மருந்தாளுநர் இல்லாததைப் பற்றி லேபிள் எழுதுவதில்லை என்று நான் அவருக்கு விளக்கினேன். விளக்கம் பத்து நிமிடம் நீடித்தது. லேபிளை நேராக, ஒரு குமிழி கூட இல்லாமல் ஒட்டினேன்.

6. மறுநாள் காலை 8.52. இரண்டாம் நுழைவாயில். தங்கள் காவலர் திரு. ஃபிலிப் ஷோபர் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. என் லேபிளை முதல் வரி முதல் கடைசி வரி வரை கவனமாகப் படித்தவர் அவர் ஒருவரே.

“சார், இதுல மார்ஃபின்னு போட்டிருக்கு.”

காலிப் புட்டி என்று தெரிவித்தேன்.

“காலின்னு போடலையே சார். மார்ஃபின்னுதான போட்டிருக்கு. போதைச் சட்டம்னு வேற செவப்புல இருக்கு.”

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்குமாறு கேட்டேன். பார்த்தார். குலுக்கியும் பார்த்தார். பிறகு வருத்தத்துடன் தலையாட்டினார்.

“எனக்கும் காலியாத்தான் தெரியுது. ஆனா நான் பார்க்கிறத எழுதக் கூடாது சார், லேபிள்ல இருக்கிறத எழுதணும். மூடியத் திறக்க எனக்கு அதிகாரம் கிடையாது. இவ்வளவு நல்லா ஒட்டாம இருந்திருந்தா தண்ணி பாட்டில்னு விட்டிருப்பேன்.”

செவிலியர் சிரித்துவிட்டார். புட்டி ஒளிபுகும் உறையில் இடப்பட்டு, முத்திரையிடப்பட்டு, இரண்டு காவலர்களால் கீழ்த்தளத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது. நாற்பத்து மூன்று நிமிடம் ஆயிற்று.

7. 15.11.2022 செவ்வாய்க்கிழமை மாலை 4.37-க்கு, நேரம் மீதமிருந்து, எங்கள் கழகம் அழைக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கையில் இருந்தனர். நான் எழுந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். திருமதி கியோமுஹெண்டோ மேடையேறி, வலது கையில் எதையோ பிடித்திருப்பது போல உயர்த்திக் காட்டினார். அவர் பேசியதிலிருந்து:

“இந்தக் கையில ஒரு பாட்டில் இருக்கணும். அத இதே கட்டிடத்துல கீழ பூட்டி வச்சிருக்காங்க. ரெண்டு பேர் காவலோட போச்சு. எங்க ஊர்ல அது நெறஞ்சு இருக்கும்போதுகூட இவ்வளவு மரியாதை கிடைச்சதில்ல.”

அவை சிரித்தது. கூட்டக் குறிப்பில் அது இடம்பெறாது என்பதால் இங்கே பதிவு செய்கிறேன். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் தொடர்ந்தார்:

“வலி தாங்காம தரையில கெடக்கிற ஒரு ஆள நாற்காலியில உக்கார வைக்க அரை லிட்டர் பாட்டில் ஒண்ணு போதும். அது அவர் கைக்கு வந்து சேர எத்தனை கையெழுத்து வேணும்னு எண்ணினேன். பதினேழு. கையெழுத்தே வேணாம்னு நான் கேட்கல. நானும் போடுறவதான். கொஞ்சம் வெரசாப் போடுங்கன்னு மட்டும்தான் கேக்குறேன். வலிக்கிறவருக்கு ஒரு நாள்ங்கிறது உங்க ஒரு நாள் மாதிரி இல்ல.”

இரண்டு நிமிடம் ஐம்பத்தொரு விநாடி. நான் ஒன்பதாண்டுகளாகச் சொல்ல முயன்றது அவ்வளவுதான் என்று திருமதி லோப்மையர் கருத்துத் தெரிவித்தார்.

8. 16.11.2022 புதன்கிழமை காலை 9.05-க்கு நான் தங்கள் பிரிவின் நான்காம் சாளரத்துக்கு வந்தேன். திருமதி ட்ராவ்னர் மிகுந்த கனிவுடன் எனக்கு நாற்காலி தந்தார். புட்டியை மீட்க, உகாண்டாவின் ஏற்றுமதி அனுமதி ஒன்றும் ஆஸ்திரியாவின் இறக்குமதி அனுமதி ஒன்றும் வேண்டும்; திரும்பக் கொண்டுசெல்ல அதே இரண்டும் திசை மாற்றி வேண்டும்; எல்லாம் சேர்ந்து ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்று விளக்கினார். நான்கு படிவங்களிலும் மருந்தின் அளவைக் குறிப்பிட வேண்டும். பூஜ்யம் என்று எழுதினேன்.

“பூஜ்யம் போட்டா கணினி எடுத்துக்காது சார். குறைஞ்சது ஒரு கிராம் போடுங்க.”

இல்லாத ஒரு கிராமை நான் என் வாழ்நாளில் எழுதியதில்லை என்று தெரிவித்தேன்.

“சும்மா ஒரு பேச்சுக்குப் போடுங்க சார், யாரு வந்து பார்க்கப்போறா?”

ஆய்வாளர், என்றேன். அவர் சற்று யோசித்து, உதவும் நோக்கத்துடன் இன்னொரு வழி சொன்னார்:

“அப்போ அழிச்சிரச் சொல்லி எழுதிக் கொடுங்களேன். அதுக்கு அளவே வேணாம். ரெண்டு சாட்சி போதும், வெள்ளிக்கிழமை காலையிலேயே முடிஞ்சிரும்.”

ஆக, ஹோஃப்ராட் அவர்களே, புட்டிக்குள் ஒன்றுமில்லை என்று நிரூபிக்கத் தங்கள் பிரிவுக்கு எட்டு வாரம் தேவை. புட்டியையே ஒன்றுமில்லாமல் ஆக்க இரண்டு நாள் போதும். தங்கள் அலுவலர்களால் விரைந்து செயல்பட முடியும் என்பதற்கு இதை நான் நல்ல சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

9. புட்டியை மறந்துவிட்டு, ரசீதை எடுத்துச் சென்று ஆய்வாளரிடம் காட்டினால் என்ன என்று தங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. புதன்கிழமை பகல் 11.40-க்கு ரசீதைச் செவிலியரிடம் கொடுத்தேன். அதில் உள்ளபடி: ‘பொருள்: மார்ஃபின் கரைசல். அளவு: தெரியவில்லை. கொண்டுவந்தவர்: இ. கியோமுஹெண்டோ.’ அவர் இரண்டு முறை படித்தார். இந்த நகருக்கு வந்து ஐந்து நாளில், முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பில்லை.

“அமூட்டி, இந்தத் தாளோட நான் வீட்டுக்குப் போக முடியாது. நான் மருந்த வெளிநாட்டுக்குக் கடத்தினேன்னு இதுல நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. அலமாரிக்கு முத்திரை வச்சிருவாங்க. அவருக்கு மட்டும் இல்ல, அறுபத்து மூணு பேருக்கும்.”

நான் எழுதவில்லை, இங்குள்ள அலுவலகம் எழுதியது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அந்த அலுவலகம் எதைப் பார்த்து எழுதியது என்பது நினைவுக்கு வந்தது.

எனவே இன்றைய நிலையில் அவர் வெறுங்கையுடன் போனால் ஒருவரின் புட்டி நிரம்பாது. தங்கள் ரசீதுடன் போனால் ஒருவரின் புட்டியும் நிரம்பாது.

10. என்னைப் பற்றியும் ஒரு தேதியைக் குறிப்பிட அனுமதி வேண்டுகிறேன். 9.3.2021 செவ்வாய்க்கிழமை இந்நகரத்து மருத்துவமனையில் என் இடது இடுப்பு மூட்டு மாற்றப்பட்டது. வலி பத்துக்கு எவ்வளவு என்று அங்கிருந்த செவிலியர் கேட்டார். ஆறரை என்றேன். அரை எண்ணெல்லாம் கிடையாது, ஏழென்று எழுதிக்கொள்கிறேன் என்றார். பதினோரு நிமிடத்தில் மருந்து வந்தது. யாரும் என்னிடம் காலிப் புட்டி கேட்கவில்லை. கையெழுத்துகள் நிச்சயம் இருந்திருக்கும். யாரோ எங்கோ போட்டிருப்பார்கள். நான் படுத்துக்கொண்டு கூரையில் இருந்த ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த மருந்தும் பியாமுகாமாவுக்குப் போகும் மருந்தும் ஒன்றே. வலித்த இடமும் ஏறக்குறைய அதே.

11. காலக்கணக்கு பின்வருமாறு. புட்டி 47/2, 8.11.2022 அன்று நிரப்பப்பட்டது. அதன் பதினான்காம் கோடு 22.11.2022 செவ்வாய்க்கிழமை காலையில் தீரும். அன்றே மருந்து வழங்கும் நாள். செவிலியரின் விமானம் 19-ஆம் தேதி சனிக்கிழமை காலை 10.40. ஞாயிறு தலைநகரில் இறங்கி, திங்கள் பேருந்தில் ஊர் சேர்வார். தங்கள் அலுவலகம் வெள்ளிக்கிழமைகளில் பகல் 12.30-க்கு மூடப்படுகிறது, வழக்கமாக 12.20-க்கே விளக்குகள் அணைக்கப்படுவதை 2016-இலும் 2019-இலும் நான் கவனித்திருக்கிறேன். ஆகவே நமக்கு இருப்பது நாளை காலை மட்டுமே.

புட்டி வராவிட்டால் பியாமுகாமா என்ன சொல்வார் என்று இன்று காலை நான் செவிலியரிடம் கேட்டேன். கோபிப்பாரா, முறையிடுவாரா என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். முறையிடுவது எனக்குப் பழக்கமான தொழில் என்பதால், மற்றவர்களும் அதைச் செய்வார்கள் என்று நினைத்துவிடுகிறேன். அவர் பதில்:

“அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு அமூட்டி. வியன்னா எப்படி இருந்துச்சுன்னு கேப்பாரு. எல்லாத்தையும் கேட்டுக்குவாரு. அப்புறம், ‘இன்னைக்கு ரேடியோ வேணாம் அக்கீகி, நாளைக்குப் பார்த்துக்கலாம்’னு சொல்லுவாரு. அவ்வளவுதான். அவர் ரேடியோவ நாளைக்குன்னு தள்ளி வச்சா எங்க எல்லாருக்கும் தெரியும்.”

12. மேற்கண்டவற்றைக் கருதி, கீழ்க்கண்ட வழியை முன்வைக்கிறேன். இதற்குத் தங்கள் விதிகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை; மூடி ஒன்றைத் திருகினால் போதும்.

(அ) நாளை 18.11.2022 காலை 8.00 மணிக்குத் தங்கள் அலுவலகம் திறக்கும்போது நான் வாசலில் இருப்பேன். 7.40-க்கே இருப்பேன் என்பதைத் திரு. ஷோபர் அறிவார்.

(ஆ) அழிப்பதற்கு வேண்டிய அந்த இரண்டு சாட்சிகளையே அழைத்து, அவர்கள் முன்னிலையில், திறக்கும் அதிகாரம் உடைய தாங்கள் மூடியைத் திறந்து, புட்டியை ஒரு வெள்ளைத்தாளின் மேல் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டுகிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். விழுவதை அளந்து, அந்த அளவையே எழுதலாம். கணினி பூஜ்யத்தை ஏற்காவிட்டால், பேனா ஏற்கும்.

(இ) லேபிளைப் பிரிக்கக் கொதிநீர்ப் பாத்திரம் ஒன்றை நானே கொண்டுவருகிறேன். ஆவியில் நான்கு நிமிடம் காட்டினால் கிழியாமல் வந்துவிடும். எல்லா விவரமும் பிழையின்றி உள்ள லேபிள் அது; தங்கள் கோப்பிலேயே இருக்கட்டும். கையகப்படுத்தப்பட வேண்டியது அது ஒன்றே. அதன் கீழ் இருப்பது தண்ணீர்ப் புட்டி. அதைத் தடுத்து வைக்கத் தங்களுக்கு விதி ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நான் தேடிப் பார்த்தேன்.

(ஈ) ரசீது எண் 0118-ஐத் திருத்தி, ‘பொருள்: காலிப் புட்டி. மார்ஃபின்: இல்லை. தவறான லேபிள் ஒட்டியவர்: ஓ. வெஸ்ஸெலி’ என்று எழுதி, முத்திரையிட்டுத் தர வேண்டுகிறேன். மருந்தாளுநர் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே இதுவரை ஒரு குறிப்பும் விழுந்ததில்லை. இது முதலாவதாக இருக்கட்டும். திருமதி கியோமுஹெண்டோவின் பெயர் அந்தத் தாளில் எங்கும் இருக்கக் கூடாது என்பது மட்டுமே என் நிபந்தனை. நிபந்தனை என்ற சொல் மனுவில் பொருந்தாது என்றால், வேண்டுகோள்.

ஹோஃப்ராட் அவர்களே, ஒன்பதாண்டுகளாக நான் இந்த மாளிகையில் உலகம் முழுவதற்குமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். உலகம் முழுவதும் தங்கள் சாளரத்தின் வழியே போவதில்லை என்பது எனக்குத் தெரியும். இந்த ஒரு புட்டி மட்டும் போகிறது. அது செவ்வாய்க்கிழமை காலை ஒரு மேசையின்மேல், தன் ஜோடிக்கு அருகில் நின்றாக வேண்டும். அதற்கான பதினெட்டாவது கையெழுத்து தங்களுடையது. அதை நாளை பகலுக்குள் இட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டு, விடையை எதிர்நோக்கி நாற்காலி இல்லாவிட்டாலும் நின்றபடியே காத்திருப்பேன்.

இடம்: வியன்னா
நாள்: 17.11.2022, வியாழக்கிழமை, பிற்பகல் 3.15

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மகிஸ்டர் ஓட்டோகார் வெஸ்ஸெலி

இணைப்புகள்:
1. ரசீது எண் 0118-இன் நகல்.
2. கழகத்துக்கு நேரம் மீதமில்லாமற்போன ஆறு கூட்டங்களின் தேதிகள், மணி நிமிடத்துடன்.
3. மருத்துவ நிலையப் பதிவேட்டின் பக்கம், செவிலியரின் கைப்பேசியில் எடுத்த படம். ‘திரும்பி வந்தது’ என்ற கட்டம் காலியாக இருப்பதைக் காண்க.
4. புதிய லேபிள் ஒன்று, கரை இல்லாதது. ‘உள்ளே ஒன்றும் இல்லை’ என்று தட்டச்சு செய்யப்பட்டுள்ளது. வாசகம்: திருமதி ஹெர்மினே லோப்மையர். பின்புறம் பசை உண்டு, நனைத்தால் போதும்.